குட்டி சாப்பிடும் நேரம்

ஜனவரி 19

இன்று நல்ல வெயில். துணியெல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. அண்ணிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைவு.

இந்த மூன்று வரியை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபது வயதுக்கு மேல் எழுத்து வந்திருக்கிறது. டீ நாளைக்கும் வரும். "தினமும் நாலு வரி எழுதுங்க ஐயா. மனசுல என்ன இருக்கோ அதை எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம்" என்று மாலை வகுப்பு டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

ஜனவரி 22

நான் பெயின்டராக இருந்தவன். எத்தனையோ சுவர்களில் எழுதியிருந்ததை இரண்டு கோட் அடித்து மறைத்திருக்கிறேன். என்ன எழுதியிருந்தது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. இன்று பால் வாங்கப் போகும் வழியில் ஒரு சுவரை நின்று படித்தேன். "இங்கே குப்பை கொட்டாதீர்கள்." கீழே ஒரு ஆள் உயரத்துக்குக் குப்பை. எல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் கொட்டியதுதான்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்குகிறது. இனிமேல் சிரிப்புக் காட்டக் கூடாது.

ஜனவரி 27

அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன்.

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு தம்பி? சோத்தப் போட்டேன், கழுவினேன், திரும்ப சோத்தப் போட்டேன். ரெண்டு வரில முடிஞ்சிரும்."

"என் வேகத்துக்கு ரெண்டு வரியே ரெண்டு நாள் ஆகும் அண்ணி."

"அப்ப சரி. உனக்கும் பொழுது போகணும்ல."

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் போய் வெகுகாலம் ஆகிறது. இந்த வீட்டில் இப்போது அண்ணி, அவர் மகன் குட்டி, நான், மூன்று பேர்தான். மகள் பெரியவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு குடுக்க வர்றவங்க எல்லாம் உங்க அண்ணியைப் பாத்துட்டு, இந்த அளவுக்கு எங்க பொண்ணால ஆகாதுன்னு ஓடிடுறாங்கடா" என்று அண்ணன் சொல்வார்.

பிப்ரவரி 2

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது சின்னப் பையன். அம்மா கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். வீடு முழுக்க அந்த வாடை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். மூக்கைப் பொத்தாதவர் அண்ணி ஒருவர்தான். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெந்நீர் எங்க போடுவீங்க?" இந்த வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

பட்டுப்புடவையை மாற்றிவிட்டு வந்து அம்மாவைத் தனியாளாகப் புரட்டி, துடைத்து, வேறு துணி உடுத்தினார். அம்மாவுக்கு வாய் பேச வராது. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். வெட்கமாக இருந்திருக்கும். அண்ணி அதற்கும் ஒன்று செய்தார். வேலை செய்யும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். என்னிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், துணி துவைக்கிற மாதிரி. அப்புறம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் படுத்த எத்தனையோ பேருக்குச் செய்தார். எல்லோருக்கும் அப்படித்தான்.

கை வலிக்கிறது. பெயின்ட் அடிக்கும்போதுகூட இப்படி வலித்ததில்லை.

பிப்ரவரி 8

அம்மாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திதான் தடுமாறிவிட்டது. திடீரென்று எழுந்து ரோட்டுக்குப் போய்விடுவார். கட்டிப் போடச் சொன்னார்கள். அண்ணி தன் முந்தானையை அப்பாவின் மணிக்கட்டில் முடிந்துகொண்டு சமையல் செய்வார். அப்பா இழுத்தால் அண்ணியும் கூடவே இரண்டு எட்டு போய், "மாமா, குழம்பு கொதிக்குது, இறக்கி வச்சிட்டு ரெண்டு பேருமே போலாம்" என்பார். குழம்பு இறங்குவதற்குள் அப்பாவுக்கு எங்கே கிளம்பினோம் என்பது மறந்துபோகும்.

அப்பாவுக்குப் பிறகு அண்ணன். பஸ் டிரைவர். நெஞ்சுச் சளி. கடைசி வருடம் எழுந்திருக்கவில்லை. அண்ணிதான் முகச்சவரம் செய்துவிடுவார். "நீங்க கடை போட்டா நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்" என்று முடிதிருத்துகிறவர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் போய்விட்டார்.

ஒருவர் முடிந்தால் ஒருவர். இடையில் ஒரு வருடமாவது அண்ணி சும்மா இருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

பிப்ரவரி 15

குட்டியைப் பற்றி எழுத வேண்டும்.

குட்டிக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. என்னைவிடக் கனம். மீசை நரைத்துவிட்டது. பிறந்தபோது மூச்சுத் திணறிப் பிறந்தான். பேச்சு வரவில்லை. பிடித்துக்கொண்டால் நடப்பான். கை எதையும் பிடிக்காது. பத்து வயது தாண்ட மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். "குட்டி தாண்டிட்டான். பாவம் அந்த டாக்டர்தான் போயிட்டார்" என்பார் அண்ணி.

அவனுக்கு அண்ணிதான் ஊட்ட வேண்டும். வேறு யார் கையிலும் வாங்க மாட்டான். தண்ணீர் யார் கொடுத்தாலும் குடிப்பான். சோறு மட்டும் அண்ணி கைதான். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அண்ணி இரண்டு வேளையும் வீட்டுக்கு ஓடி வந்து ஊட்டிவிட்டுப் போனார்.

பின்னறையில்தான் ஊட்டுவார். கதவைச் சாத்திவிடுவார். "யாராவது பாத்தா துப்பிருவான்." இந்த வீட்டில் அது சட்டம். அந்தக் கதவு மூடியிருந்தால் தபால்காரர்கூட மெதுவாகப் பேசுவார். பிறகு வெளியே வந்து எங்களுக்குப் பரிமாறுவார். "நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டால் "ஆச்சு" என்பார். அது பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் தின்பார், இல்லையென்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பார். அப்படிப்பட்டவர்.

பிப்ரவரி 16

நேற்று அதிகமாக எழுதிவிட்டேன். இன்று விரல் மடங்கவில்லை. ஆனாலும் சந்தோஷம்.

மார்ச் 3

வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. இதயம் சோர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அண்ணி உட்கார்ந்தபடியே வேலை செய்கிறார். குட்டியை நான் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறேன். தட்டை எடுத்துக் கொடுக்கிறேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்துகிறேன்.

மாலையில் அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு சாகப் பயமில்ல. குட்டி எனக்கு முன்னாடி போயிடணும். தினம் அதத்தான் வேண்டிக்கிறேன். பெத்தவ பேசற பேச்சா இது? ஆனா அதான் வேணும்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீ பாத்துப்ப. அவன் வாயைத் திறக்கணுமே."

மார்ச் 11

அண்ணி போய்விட்டார். காலையில் குட்டிக்கு ஊட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மார்ச் 14

இன்றுதான் பேனாவை எடுக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

கூட்டம் நிறைய. அண்ணி பார்த்துக்கொண்ட நோயாளிகளின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். "தான் சாப்பிடாம அடுத்தவங்களுக்குப் போட்டவங்க." பெரியவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

குட்டி ஒருவாய்கூடச் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்தான். அம்மா எங்கே என்று தேடுகிற மாதிரியும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறான். சோற்றைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறான். உள்ளே வைத்தால் துப்புகிறான்.

மார்ச் 16

என்னென்னவோ செய்து பார்த்துவிட்டோம். பெரியவள் அண்ணியின் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அண்ணி மாதிரியே குரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். உள்ளே வேறு யாரும் இல்லை. நாங்கள் வெளியே மூச்சு விடாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். புடவை முழுக்கச் சோறு.

"சித்தப்பா, அவன் என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கான். எதுக்கோ காத்துட்டு இருக்கற மாதிரி. எதுக்குன்னு தெரியல."

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கரண்டியில் கொடுத்துப் பார்த்தாள். கரண்டி பறந்தது. "பலம் இன்னும் இருக்கு அண்ணே, பயப்படாதீங்க" என்றாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 17

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இப்படியே விட முடியாது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஆட்கள் உள்ள இல்லம் இருக்கிறதாம். பெரியவள் பேசிவிட்டாள். நாளை மறுநாள் வண்டி வருகிறது.

"நான் என்ன பண்ணட்டும் சித்தப்பா? பட்டினி கிடந்து சாகட்டும்னு விடவா?"

அவள் சொல்வது சரி. அவளுக்கும் வயது ஆகிறது. வேலை இருக்கிறது. எனக்கு மட்டும் என்ன, அவனைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். ஆனால் குட்டி இந்த வீட்டை விட்டு ஒரு இரவு வெளியே தங்கியதில்லை. குழாயைத் தட்டிவிடுவான். கையைக் கட்டிப் போடுவார்கள். அப்பாவின் கையைக்கூட அண்ணி கட்டவில்லையே. என்ன செய்றது. யாரைக் கேக்கறது.

மார்ச் 18

இதை மெதுவாக, ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மதியம் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நான் போனேன். சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை. கதவைச் சாத்தினேன். ஊட்டினேன். துப்பினான். துடைத்தேன். மறுபடி துப்பினான். சரி போ என்று கீழே உட்கார்ந்துவிட்டேன். இந்த நாட்களில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. தலை சுற்றியது. கையில் பிசைந்த சோறு இருந்தது. யோசிக்காமல் என் வாயில் போட்டுக்கொண்டேன்.

குட்டி நிமிர்ந்தான். என் வாயையே பார்த்தான். நான் மெல்லுவதைப் பார்த்தான். விழுங்கியதும் வாயைத் திறந்தான்.

நான் பயந்துபோய் அப்படியே இருந்தேன். அவன் திறந்த வாயை மூடவில்லை. ஒரு உருண்டை வைத்தேன். மென்றான். விழுங்கினான். அடுத்த உருண்டையைக் கொடுத்தேன், வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் ஒரு வாய் தின்றேன். அவன் திறந்தான். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. தட்டு காலியாகும்வரை அப்படித்தான். முட்டையைக்கூட அவன் பாதி, நான் பாதி.

அண்ணி சாப்பிட்டிருக்காங்க. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டிருக்காங்க. அந்தக் கதவுக்குப் பின்னால.

நாங்க எல்லாரும் அவன் காரியத்தக் கெடுத்துடக் கூடாதுன்னு கதவச் சாத்திக்கிட்டு, வெறும் வயித்தோட போய் உக்காந்து ஊட்டினோம். அவன் எங்க வாயப் பாத்துக் காத்துக்கிட்டே இருந்திருக்கான்.

மார்ச் 19

பெரியவளிடம் நேற்றே சொன்னேன். நம்பவில்லை. காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து திகைத்துப்போய் நின்றாள்.

"அப்போ அம்மா பட்டினி கிடக்கலையா?"

"இல்லம்மா. ரெண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டிருக்காங்க. துணையோட."

"சித்தப்பா, அம்மாவுக்கு இல்லாமப் போயிடுமேன்னு நான் எத்தனை நாள் பாதித் தட்டோட எழுந்திருக்கேன் தெரியுமா?"

"நான் மட்டும் என்ன? மறுசோறு கேட்டதே இல்ல."

சிரித்தாள். பிறகு அதே மூச்சில் அழுதாள். "ஆச்சு ஆச்சுன்னு சொன்னாங்களே. ஒருத்தராவது நம்பினோமா?"

வண்டி வந்தது. டிரைவருக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

மார்ச் 25

அண்ணி ஏன் கதவைச் சாத்தினார் என்று யோசிக்கிறேன். மாமனாரும் கணவனும் சாப்பிடுவதற்கு முன்னால் மருமகள் சாப்பிடுகிறாள் என்று யாராவது பேசுவார்கள் என்பதாலா? இருக்கலாம். அல்லது அந்த ஒரு நேரமாவது யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும் என்றா? அதுவும் இருக்கலாம். குட்டி அவருக்குச் சுமை என்று ஊரே இரக்கப்பட்டது. அவன்தான் அவரைச் சாப்பிட வைத்திருக்கிறான். அண்ணி ஒரு வாய் தின்னாமல் அவன் ஒரு வாய் வாங்க மாட்டான். இந்த வீட்டில் அண்ணியைப் பார்த்துக்கொண்டது அவன் ஒருவன்தான்.

இதை எழுதத் தெரிந்திருப்பது நல்லது. சொல்லியிருந்தால் நடுவில் அழுதிருப்பேன். எழுதும்போது அடுத்த எழுத்து என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6

பெரியவள் ஊருக்குப் போய்விட்டாள். குட்டியும் நானும்தான். அவன் இப்போது என் கையில் மட்டும்தான் சாப்பிடுகிறான். பெரியவள் போவதற்கு முன்னால் அவளும் கூடச் சாப்பிட்டு ஊட்டிப் பார்த்தாள். இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. என்னைத் தேடித் திரும்பினான். தையல்காரம்மாவிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான். "எங்கிட்ட மட்டும்தான் வாங்குவான்." வகுப்பில் டீச்சரம்மாவிடமும் சொன்னேன்.

ஏப்ரல் 20

படியில் கால் தவறி விழுந்தேன். அடி பெரிதாக இல்லை. படி சரியாகத் தெரியவில்லை, அதுதான். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிவதற்கு என் கோணல் கையெழுத்துதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

நான் தங்கினால் குட்டிக்கு யார்?

அண்ணிக்கு இருந்த அதே கவலை. கீழே கிடந்தபோது எனக்கும் அவர் வேண்டியதுதான் தோன்றியது. குட்டி எனக்கு முன்னால் போய்விட வேண்டும். அண்ணி எத்தனை வருடம் இந்த நினைப்போடு அடுப்படியில் நின்றிருப்பார். அண்ணிக்கு எல்லாம் தெரியும். தன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க மட்டும் தெரியவில்லை. நானும் பெருமை பேசிக்கொண்டு அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

இனிமேல் கதவைச் சாத்துவதில்லை.

மே 2

கூடவே சாப்பிட்டுக் குட்டிக்கு ஊட்ட முடியுமா என்று தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவன் எச்சில் வழிகிறவன், அதே தட்டில் சாப்பிட வேண்டும். எப்படிக் கேட்பது என்று வாசலில் நின்று விழித்தேன்.

"எச்சில் என்ன அண்ணே எச்சில். நாலு பிள்ளை எச்சில் தின்னு வளத்தவ நான். உங்க சமையலைத் தின்னச் சொல்றீங்களே, அதுதான் யோசனையா இருக்கு."

நாளையிலிருந்து மதியம் அவள் சமைத்துக் கொண்டுவருகிறாள்.

மே 9

மூன்று பேரும் ஒரே தட்டில். நான் ஒரு வாய், அவள் ஒரு வாய், அவன் ஒரு வாய். அவள் கொடுத்தால் துப்புகிறான். நான் கொடுத்தால் வாங்குகிறான். அவள் கோபப்படவில்லை. "மாமியார் மாதிரி பண்றான்" என்றாள்.

மே 17

இன்று அவள் கையால் ஐந்தாறு வாய். நான் தட்டைத் தொடவில்லை. பக்கத்திலேயே இருந்தேன்.

மே 24

நான் அறையை விட்டு வெளியே போனேன். உடனே நிறுத்திவிட்டான். திரும்பி வந்தேன்.

ஜூன் 1

எழுத்தெல்லாம் பனி மூடிய மாதிரி இருக்கிறது. குத்துமதிப்பாக எழுதுகிறேன். வெளியே வாசலில் நின்றேன். உள்ளே தையல்காரம்மா அவனிடம் ஜாக்கெட் அளவு தப்பாகக் கொடுத்த ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். மெல்லும் சத்தம் கேட்டது. யார் மெல்லுவது என்று தெரியவில்லை.

ஜூன் 9

நாளை ஆபரேஷன். பெரியவள் வந்துவிட்டாள். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். குட்டியோடு தையல்காரம்மா. இரவும் இங்கேயே படுத்துக்கொள்கிறாள். பையில் சட்டையை எடுத்து வைக்கும்போது குட்டி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தலையை வாரிவிட்டேன். வாராத மாதிரிதான் இருந்தது.

ஜூன் 15

சில நாள் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இன்று பெரியவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்து இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆட்டோவை விட்டு இறங்கி மெதுவாக நடந்து வந்தேன். பெரியவள் பின்னால் பையோடு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில், ஜன்னல் பக்கம், குட்டியும் தையல்காரம்மாவும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். உட்கார் என்று கையைக் காட்டினேன். அவள் ஒரு வாய் தின்றாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கியதும் வாயைத் திறந்தான்.

நான் இருமினேன். வேண்டுமென்றேதான். அவன் திரும்பவில்லை. அடுத்த வாய்க்குத் திறந்துகொண்டிருந்தான்.

"ரெண்டு நாளும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கல அண்ணே" என்றாள் தையல்காரம்மா.

"என்னைத் தேடினானா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தாள். "இல்லண்ணே."

நல்லது என்றேன். வெளியே வந்து படியில் நின்றேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.